சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு கேள்வி: 34 வயதில் இராணுவத்தை விட்டுப் படிக்கப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், வயது 34. 2009-இல் மெட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வை எழுதி, டிப்ளோமா படிப்பில் சேரத் தகுதி தரும் 'டிப்ளோமா தேர்ச்சி' பெற்றவர். பட்டப்படிப்புக்குரிய தேர்ச்சி கிடைக்கவில்லை. பிறகு தென்னாப்பிரிக்க தேசியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து, இராணுவ மருத்துவப் பிரிவில் 12 ஆண்டுகள் கழித்து இப்போது கார்ப்பரலாக இருக்கிறார். காங்கோவுக்கு இருமுறை போய்வந்திருக்கிறார். வரும் மார்ச்சில் விலகி, டர்பனில் முழுநேரம் படிக்க ஆசை. அவசர மருத்துவமா, உளவியலா என்று மனம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மனைவி ஒரு பள்ளியில் எழுத்தர், இரண்டு பிள்ளைகள். "முன்னாள் படைவீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கிறதாமே, அதை நம்பி விலகலாமா? பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்னால் படிக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: முடியும். டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவர்களில் அறிவு போதாமல் பாதியில் நின்றவர் என்று ஒருவரும் என் நினைவில் இல்லை. நின்றவர்கள் பணம் வரத் தாமதமானதால் நின்றார்கள். வேண்டிய சான்று ஒன்று கைக்கு வராமல் நின்றார்கள். முதல் அரையாண்டின் தனிமை தாங்காமல் நின்றார்கள். இந்த மூன்றுக்கும் ஏற்பாடு, நீங்கள் படையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். அதனால் முதல் கேள்விக்கு என் விடை: அந்த உதவிக்கு நிச்சயம் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி விலகாதீர்கள். மார்ச் மாதமும் வேண்டாம். இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கிவிடுகிறது. மார்ச்சில் விலகினால் அந்த ஆண்டு கையை விட்டுப் போய்விடும். சம்பளமும் இல்லாமல், வகுப்பும் இல்லாமல் ஒன்பது பத்து மாதம் வீட்டில் இருப்பீர்கள். அந்த வெறும் மாதங்கள்தான் ஆளைக் கரைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2011-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம், இராணுவ முன்னாள் படைவீரர்களுக்கானது. 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போராட்டத்தில் எந்தத் தரப்பில் நின்று ஆயுதம் ஏந்தியவரானாலும், 1994-க்குப் பிறகு ஒருங்கிணைந்த தேசியப் படையில் சேர்ந்தவரானாலும், இராணுவப் பயிற்சியை முடித்து, இப்போது சேவையில் இல்லாமல், அவமதிப்போடு வெளியேற்றப்படாதவராக இருந்தால் அவர் முன்னாள் படைவீரர். ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கொண்டோ வே சிஸ்வேயில் இருந்தவருக்கும் பழைய அரசின் படையில் இருந்தவருக்கும் ஒரே சட்டம். சுகாதாரம், வீட்டுவசதி, வேலைக்கு உதவி, மனநல ஆலோசனை, ஈமச்சடங்குச் செலவு என்று போகும் பட்டியலில் கல்வியும் பயிற்சியும் உண்டு. ஆக, உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் 'சேவையில் இல்லாமல்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நீங்கள் விலகிய பிறகுதான் தேசிய முன்னாள் படைவீரர் தரவுத்தளத்தில் உங்கள் பெயர் ஏற முடியும். பெயர் ஏறிய பிறகுதான் கல்வி உதவிக்கு விண்ணப்பம். அது சரிபார்க்கப்பட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போய், பிறகு பணம். இந்தத் துறையிலிருந்து கட்டணம் தாமதமாக வருவதால் மாணவர்கள் தவிப்பது பற்றி நாடாளுமன்றக் குழுவிலேயே பலமுறை பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1944-இல் வந்த சட்டம் போர் முடிந்து திரும்பியவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கல்லூரிக்கு அனுப்பியது. இன்றும் அங்கே தகுதியுள்ளவருக்கு 36 மாதம் வரை படிப்புச் செலவு கிடைக்கிறது. நம்மவர்கள் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே இருப்பது விண்ணப்பித்துப் பெறவேண்டிய ஓர் உதவி. அதற்கென்று ஒதுக்கிய நிதி எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். முதலாம் ஆண்டை வேறு வழியில் கடத்திவிடலாம், இரண்டாம் ஆண்டில் இந்த உதவி கைகொடுக்கட்டும் என்று கணக்குப் போடுகிறவருக்கு ஏமாற்றம் குறைவு.

வேறு வழி என்றால் எது? என்எஸ்எஃப்ஏஎஸ் எனப்படும் தேசிய மாணவர் நிதி உதவித் திட்டம் பதினெட்டு வயதுக்காரருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பட்டத்துக்குப் படிக்கும் யாரும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நீங்கள் வேலையை விட்டதும் உங்கள் வீட்டு வருமானம் பெரும்பாலும் மனைவியின் சம்பளம்தான் என்றாகிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் இதுவும் தானாக வந்துவிடாது. இதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. ஒரே கட்டணத்தை இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. ஆனால் ஒன்று வரும்வரை மற்றொன்று தாங்கும்.

ஓய்வூதிய நிதியைப் பற்றி உரக்கவே சொல்கிறேன். 12 ஆண்டுகளாக அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் உங்கள் பணம் சேர்ந்திருக்கிறது. விலகும்போது ஒரு பெரிய தொகை கண்ணுக்குத் தெரியும். சாட்ஸ்வர்த்தில் அந்தத் தொகை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: கார், வீட்டுக்கு ஒரு அறை, மைத்துனர் கல்யாணம். விலகும்போது ரொக்கமாக எடுத்தால் முதல் 27,500 ராண்டுக்கு மட்டும் வரி இல்லை. அதற்கு மேல் 7,26,000 வரை 18 சதவிகிதம் வரியில் போகிறது. 2024 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்த பங்கில் மூன்றில் இரண்டு பாகம் எப்படியும் ஓய்வுக்காலம்வரை கைக்கு வராது. மீதியை வேறொரு அங்கீகரிக்கப்பட்ட நிதிக்கு மாற்றிவிட்டால் அன்றைக்கு வரி இல்லை. முதலாம் ஆண்டு வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவைச் சம்பளத்திலிருந்து இப்போதே சேருங்கள், ஓய்வூதியத்தில் கை வைக்காதீர்கள் என்பதே என் எண்ணம். அதற்கு இன்னும் ஓராண்டு படையில் இருக்க நேர்ந்தாலும் சரிதான். அரசுச் செலவில் முன்பு ஏதாவது படித்திருந்தால், அதற்கு ஈடான கட்டாயச் சேவைக்காலம் பாக்கியிருக்கிறதா என்பதையும் உங்கள் படைப்பிரிவின் பணியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விலகிய பிறகு அந்தக் கடன் கடிதமாக வீட்டுக்கு வரும்.

அடுத்தது சான்றுகள். இதில் சிறுசிறு விஷயங்களையும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். படையில் நீங்கள் முடித்த ஒவ்வொரு பயிற்சிக்கும் சான்றிதழின் மூலப்படி வேண்டும். அதில் பயிற்சியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தேசியத் தகுதிச் சட்டகத்தில் அது எந்த நிலை, எத்தனை மதிப்பெண் அலகு என்பதும் தெரிய வேண்டும். நம் சட்டகத்தில் பத்து நிலைகள். மெட்ரிக் 4, உயர்சான்றிதழ் 5, டிப்ளோமா 6, இளங்கலை 7. ஓர் அலகு என்பது ஏறக்குறைய பத்து மணி நேரப் படிப்பு. இளங்கலைக்கு 360 அலகு. படையின் சில பயிற்சிகள் இந்தச் சட்டகத்தில் பதிவானவை. சில வெறும் உட்பயிற்சி. எது எது என்று பயிற்சி அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் படைப்பிரிவில் இருக்கும்வரை ஒரு மேசைக்குப் போய் நின்று கேட்கலாம். வெளியே வந்த பிறகு அதே காகிதத்துக்காகப் பிரிட்டோரியாவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். எந்த நாட்டில், எந்தப் பணியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற சேவைப் பதிவேட்டின் சுருக்கமும் வேண்டும். மெட்ரிக் சான்றிதழ் தொலைந்திருந்தால் அதற்கும் இப்போதே எழுதிப் போடுங்கள். நகல்களுக்குக் காவல் நிலையத்தில் இலவசமாகச் சான்றிட்டுத் தருவார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. எனவே கட்டுக்கட்டாக நகல் எடுத்து வைப்பதில் பயனில்லை. மூலத்தைப் பத்திரப்படுத்தி, தேவைப்படும் வாரத்தில் முத்திரை வாங்குங்கள்.

சேர்க்கைக்கு வருவோம். பட்டப்படிப்புத் தேர்ச்சிக்கு நான்கு பாடங்களில் 50 சதவிகிதம் வேண்டும். உங்களுக்கு இருப்பது டிப்ளோமா தேர்ச்சி. இதனால் கதவு அடைபடவில்லை. மூன்று வழிகள் உண்டு. வேண்டிய பாடத்தை மட்டும், இரண்டாம் வாய்ப்பு மெட்ரிக் திட்டத்தில் மறுபடி எழுதலாம். 2016 முதல் கல்வித் துறை இதை நடத்துகிறது. 23 வயது கடந்தவர்களுக்கு வயது அடிப்படையில் அந்தத் தேர்ச்சியிலிருந்து நிபந்தனையோடு விலக்குத் தரும் முறை உண்டு. எந்தப் படிப்புக்கு ஏற்பது என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். மூன்றாவது வழி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. வகுப்பறைக்கு வெளியே கற்றதை ஆதாரத்தோடு காட்டினால் அதைத் தகுதியாக ஏற்பது. உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கும் வழி இது. ஆனால் ஒரு படிப்பில் சேர்வோரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வழியில் எடுக்கக் கூடாது என்பது உயர்கல்வி மன்றத்தின் கொள்கை. இடம் குறைவு, அதனால் கோப்பு நன்றாக இருக்க வேண்டும்.

கோப்பு நன்றாக இருப்பது என்றால் என்ன? இராணுவத்தில் இருந்து வருகிறவர்கள் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "காங்கோவில் காயமடைந்த பலருக்குச் சிகிச்சை அளித்தேன்." மதிப்பிடுகிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: இரவு, தளத்திலிருந்து வெளியே ரோந்து வண்டி, தொடையில் துப்பாக்கிச் சூடு பட்ட வீரர். இரத்தம் கட்டுப்பட எத்தனை நிமிடம் ஆனது, இரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டையான டூர்னிக்கே கட்டிய நேரத்தை எங்கே குறித்தீர்கள், நரம்பில் ஊசி ஏற்ற எத்தனை முறை முயன்றீர்கள், மேலிட மருத்துவரிடம் வானொலியில் என்ன சொன்னீர்கள், ஹெலிகாப்டர் வரும்வரை நாடித்துடிப்பை எப்படிக் கவனித்தீர்கள், இன்று அதே நிலைமை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எழுதத் தெரிந்தவரைத்தான் பல்கலைக்கழகம் தேடுகிறது. செய்ததை அடுக்கினால் அது பணி அறிக்கை. செய்ததைப் பற்றி யோசித்து எழுதினால்தான் கற்றதற்குச் சான்று. பணியின் இரகசியம் எதையும், காயமடைந்தவரின் பெயரையும் எழுதாதீர்கள். உங்கள் மேலதிகாரியாக இருந்த மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால் கோப்பின் எடை கூடும். அவரும் ஒருநாள் மாற்றலாகிப் போவார். இப்போதே கேட்டு வாங்குங்கள்.

எந்தப் படிப்பு? இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவப் பராமரிப்பில் நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர், கேரளத்திலிருந்து கூலியாக வந்து பின்னாளில் வணிகரான எம். எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி. கரும்புத் தோட்டத்து மக்களின் பிள்ளைகள் மாலை வகுப்பில் படித்து வேலைக்குப் போன இடம். 2002-இல் நேட்டால் டெக்னிகான் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு இணைந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது அந்த இடத்துக்குப் புதிது அல்ல. அவசர மருத்துவத்தில் சேரக் கணிதமும் அறிவியலும் கேட்பார்கள், உடல்தகுதிச் சோதனை வைப்பார்கள். சோதனையில் நீங்கள் இளம்பிள்ளைகளை விஞ்சுவீர்கள். கணிதத்தில் அவர்கள் உங்களை விஞ்சுவார்கள். எனவே 2009-இல் விட்ட கணிதத்தை இந்த ஓராண்டில் மீட்டெடுங்கள். நேரே பட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால், ஓராண்டு உயர்சான்றிதழில் தொடங்கி, டிப்ளோமா வழியாகப் படிப்படியாக ஏறும் பாதையும் இந்தத் துறையில் உண்டு. சுகாதாரத் தொழில்முறை மன்றத்தின் பதிவேட்டில் இராணுவக் கள மருத்துவ உதவியாளர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா, ஆண்டுக் கட்டணம் பாக்கியில்லாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதிவு அறுந்துவிட்டால் மறுபடி ஏற்றுவது பெரும் அலைச்சல்.

உளவியலைப் பற்றி. ஏன் அந்த ஆசை வந்தது என்று உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: உடன் இருந்த ஒருவரை இழந்த பிறகு. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், நம் காயத்துக்கு மருந்தாக ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. காயத்துக்கு வைத்தியம் தனி, தொழிலுக்குப் படிப்பு தனி. இங்கே உளவியலாளராகப் பதிவு செய்ய இளங்கலை, ஆனர்ஸ், முதுகலை, அதன்மேல் பயிற்சிக்காலம் என்று போக வேண்டும். முதுகலை வகுப்புகளில் இடம் மிகக் குறைவு. மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றவருக்குத் தொழில் கையில் வராது. பிறரின் துயரத்தோடு வேலை செய்ய வேண்டும் என்பதே உங்கள் உள்ளம் என்றால், குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு சமூகப்பணிப் பட்டம் இருக்கிறது. முடித்த உடனே பதிவு செய்து பணியாற்றலாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான 34 வயதுக்காரருக்கு, நான்கு ஆண்டின் முடிவில் கையில் தொழில் நிற்கும் படிப்புதான் சரி. உங்கள் நிலையில் அவசர மருத்துவம் முதல் தெரிவு, சமூகப்பணி இரண்டாவது என்பேன்.

முழுநேரம் படிக்க வீட்டு நிலைமை இடம் தராவிட்டால் யூனிசா இருக்கிறது. 1946 முதல் தொலைதூரக் கல்வி நடத்தும் பல்கலைக்கழகம். உம்கொண்டோ வே சிஸ்வேயில் இருந்த நம் டர்பன்காரர் பில்லி நாயர், ராபன் தீவில் 20 ஆண்டு சிறையிருந்தபோது யூனிசா வழியாகத்தான் கலையிலும் வணிகவியலிலும் பட்டம் பெற்றார். அவசர மருத்துவத்தை அப்படித் தபாலில் படிக்க முடியாது. ஆனால் வேறு பல படிப்புகள் உண்டு. யூனிசாவில் தவறு செய்கிறவர்கள் ஒரே இடத்தில்தான் செய்கிறார்கள்: ஆண்டுக்குப் பத்துப் பாடம் எடுத்துவிடுகிறார்கள். ஒரு பாடம் 12 அலகு, அதாவது 120 மணி நேரம். பத்துப் பாடம் என்றால் 1,200 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு அது நடக்காது. நான்கு போதும்.

இதை எழுதும்போது ஸாலிஸ்பரி தீவு நினைவுக்கு வருகிறது. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் அந்தத் தீவில், இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காகக் கட்டிய பாசறைக் கட்டிடங்களில்தான் 1961-இல் இந்தியருக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகத்துக்குள் நம்மை விடாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. நம் பெற்றோர் படகில் போய்ப் படித்தார்கள். 1972-இல் கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு மாறியது. 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. கல்லூரி காலி செய்த தீவில் எழுபதுகளின் நடுவில் இந்தியருக்கென்று கடற்படைப் பயிற்சித் தளம் வந்தது. அதற்கு ஜலசேனா என்று பெயர். அங்கே சேர்ந்த பையன்களை ஊரில் சிலர் துரோகிகள் என்றார்கள், சிலர் பிழைப்பு என்றார்கள். இனவெறி அரசின் சீருடை அது; பேசியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் சீருடை வேறு. 1994-இல் ஏழு படைகளை ஒன்றாக்கிப் பிறந்த, வாக்குரிமை உள்ள நாட்டின் படை உங்களுடையது. "படைக்குப் போனவனுக்குப் படிப்பு எதற்கு" என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியின் வயது ஐம்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வகுப்பறை. முதல் வாரம் உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கே போய் உட்காருவீர்கள். விரிவுரையாளர் எட்டு பத்துக்கு வருவார். பாதிப் பேர் எட்டரைக்கு வருவார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். படையில் எந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகத்தில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். கால அட்டவணை மாறினால் இணையப் பலகையில் ஒரு வரி போடுவார்கள், அவ்வளவுதான். கடுமையான ஒழுங்குக்குப் பழகியவர்கள் இந்த ஒழுங்கின்மையில் முதலில் தடுமாறுகிறார்கள். பிறகு அதே ஒழுங்கைத் தாங்களே தங்களுக்கு வைத்துக்கொள்ளக் கற்றுவிட்டால், மூன்றாம் மாதத்திலிருந்து வகுப்பில் முன்னே போய்விடுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கட்டுரை எழுதுவதில் கவனம் தேவை. படையில் எழுதியது அறிக்கை: எண் போட்டு, சுருக்கமாக, உத்தரவுக்கு ஏற்ப. பல்கலைக்கழகக் கட்டுரையில் இரண்டு அறிஞர்கள் முரண்படுவதைக் காட்டி, எந்தப் பக்கம் ஏன் சரி என்று நீங்கள் வாதிட வேண்டும். மேலே இருப்பவர் சொன்னதை மறுத்து எழுதுவது 12 ஆண்டுப் பழக்கத்துக்கு எதிரானது. எழுத்துப் பயிற்சி மையம் ஒவ்வொரு வளாகத்திலும் உண்டு, இலவசம். முதல் கட்டுரைக்கே போங்கள், மதிப்பெண் குறைந்த பிறகு போகாதீர்கள். உங்களுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் புதிய இளங்கலை மாணவர்களுக்கு இசிஸுலு எனும் ஸுலு மொழிப் பாடம் கட்டாயம். சாட்ஸ்வர்த்துப் பிள்ளைகள் அதற்கு அஞ்சுகிறார்கள். பாசறையில் பன்னிரண்டு ஆண்டு ஸுலு பேசியவருக்கு அது சுமையே இல்லை. உடன் படிப்பவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள், அப்படியே நட்பும் வந்துவிடும். வயது வித்தியாசம் பற்றிய உங்கள் கவலை இந்த மாதிரி இடத்தில்தான் தீரும். அந்தப் பிள்ளைகள் உங்களை 'அங்கிள்' என்பார்கள். சொல்லட்டும்.

காங்கோவைப் பற்றி நீங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை, நானும் தோண்டவில்லை. 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரைச் சுற்றி நம் படையினர் 14 பேர் இறந்தபோது இங்கே பலர் வீட்டில் தூக்கம் போயிருக்கும். முன்பு அங்கே இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. தூக்கம் கெடுவது, சிறு சத்தத்துக்கு உடம்பு விறைப்பது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் கோபம் வருவது, இவை இருந்தால் விலகும் முன்பே இராணுவ மருத்துவச் சேவையில் பதிவாகப் பேசுங்கள். பதிவு இருந்தால் பின்னாளில் சட்டப்படியான ஆலோசனையும் சிகிச்சையும் கேட்பது எளிது. பலவீனம் என்று பெயர் வந்துவிடுமோ என்று மறைப்பவர்கள் வெளியே வந்து எந்தச் சான்றும் இல்லாமல் நிற்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்திலும் கட்டணம் இல்லை. மருத்துவச் சான்று இருந்தால் தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் கேட்கலாம். இது சலுகை அல்ல, விதியில் உள்ளது. நம் ஊருக்கென்று ஒன்று: தீபாவளி வரும் வாரங்களில் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வெடிச்சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஆண்டு இறுதித் தேர்வும் ஏறக்குறைய அப்போதுதான். அந்த வாரம் தங்க அமைதியான ஓரிடத்தை, உறவினர் வீடோ வளாக விடுதியோ, முன்கூட்டியே பேசி வையுங்கள். விளக்கேற்றிப் பூசை முடித்துவிட்டுக் கிளம்புங்கள், வீட்டில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கால வரிசை இப்படி இருக்கட்டும். இந்த ஆண்டு சான்றுகளும் கணிதமும். குவாஸுலு-நேட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பம்; பெரும்பாலும் செப்டம்பர் இறுதியோடு முடிந்துவிடும். முன்கற்றல் கோப்பை அதற்கும் முன்பே கொடுக்க வேண்டும், மதிப்பிட மாதக்கணக்கில் ஆகும். இடம் உறுதி என்று கடிதம் வந்த பிறகு விலகல் கடிதம். டிசம்பர் கடைசியில் சேவை முடிவு. விலகிய மறுநாளே தரவுத்தளப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பல்கலைக்கழகப் பதிவு; அதே வாரங்களில் தைப்பூசக் காவடியும் வரும். விரதம் எடுப்பவர் என்றால் பதிவு நாளை முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள், பதிவு தவறினால் அந்த ஆண்டே போய்விடும்.

மனைவியோடு உட்கார்ந்து இந்த நான்கு ஆண்டுச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து, எல்லாம். அந்தத் தங்கையின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடப் போகிறது. அவருடைய சம்மதம் வாய்வார்த்தையாக இல்லாமல் கணக்குத் தெரிந்த சம்மதமாக இருக்க வேண்டும். அவருக்கும் படிக்க ஆசை இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். முன்னாள் படைவீரர் சட்டத்தின் கல்வி உதவி அவரைச் சார்ந்தவர்களுக்கும் உண்டு. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அதனால் தரவுத்தளப் படிவத்தை நிரப்பும்போது சார்ந்தோர் பகுதியை வெறுமையாக விடாமல், திருமணச் சான்றிதழையும் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இணைத்து எல்லார் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.